உஹது ஷுஹதாக்கள் ஜியாரத்: படிப்படியான முழு வழிகாட்டி

மதீனாவில் உம்ரா குழுக்களின் பஸ், உஹது போரில் உயிர் நீத்த நபித்தோழர்கள் அடக்கமான உஹதில் நிற்பது பெரும்பாலும் அரை மணி நேரம், கூடிப்போனால் முக்கால் மணி. கதவு திறந்ததும் பாதிப் பேர் எதிரே தெரியும் சின்னக் குன்றின் மேல் ஏறிவிடுகிறார்கள். மீதிப் பேர் பேரீச்சம்பழக் கடையில் நிற்கிறார்கள். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் "கப்ருஸ்தான் எங்கேங்க?" என்று அடக்கத்தலத்தைத் தேடும் கேள்வி வரும். ஷஹீதுகளுக்கு, அதாவது இறைவழியில் உயிர் நீத்த ஷுஹதாக்களுக்கு, சலாம் சொல்ல வந்தவர்கள் பஸ் ஜன்னல் வழியே அவசரமாகக் கையை உயர்த்திவிட்டுப் போவதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

இத்தனைக்கும் இது கஷ்டமான ஜியாரத் (கப்ருகளிடம் போய் சலாம் சொல்வது) இல்லை. தவாஃப் போலச் சுற்றுக் கணக்கு கிடையாது, சயீ போல நடை கிடையாது. வரிசை தெரிந்தால் போதும். சலாம் முதலில், அப்புறம் துஆ, அப்புறம் பள்ளிவாசல். குன்று, கடை, போட்டோ எல்லாம் கடைசி.

1. உஹதுக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

மதீனாவில் இறங்கிய அன்றே உஹதுக்குக் கிளம்ப வேண்டாம். அறையில் பையை வைத்துவிட்டுக் குளித்து, நபி பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவிக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுங்கள். நபி (ஸல்) அவர்களுக்கும், பக்கத்தில் துயிலும் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவருக்கும் சலாம் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்குப் போனால் பெரியவரைப் பார்த்த பிறகுதானே மற்றவர்களிடம் போவோம், அதே மரியாதைதான். ஆண்கள் முடிந்தால் ஜன்னத்துல் பகீ கப்ருஸ்தானையும் முடித்துக்கொள்ளலாம். அது மஸ்ஜிதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இஹ்ராம் (உம்ராவுக்கான உடையும் நிலையும்) கட்ட வேண்டுமா என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது கேட்பார்கள். தேவையில்லை. உஹது ஜியாரத்துக்கு மீக்காத் (இஹ்ராம் கட்டும் எல்லை), இஹ்ராம் எதுவும் கிடையாது. வழக்கமான சுத்தமான உடை போதும்.

உஹதுக்கு முன்பதிவும் வேண்டாம். சவூதி அரசின் நுசுக் செயலியில் நேரம் பதிய வேண்டியது மஸ்ஜிதுந் நபவிக்குள் இருக்கும் ரவ்ளாவில் தொழுவதற்குத்தான். ஆனால் ரவ்ளா நேரமும் உஹது பயணமும் ஒரே காலையில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோதினால் உஹதை மறுநாளுக்குத் தள்ளுங்கள். உஹது அங்கேயேதான் இருக்கும், ரவ்ளா நேரம் போனால் போனதுதான்.

2. நாளும் நேரமும்

சுபுஹு தொழுகையை மஸ்ஜிதுந் நபவியில் ஜமாஅத்தோடு தொழுதுவிட்டுக் கிளம்பி, லுஹர் ஜமாஅத்துக்கு அங்கேயே திரும்பிவிட வேண்டும். ஷாஃபி அறிஞர் இமாம் நவவி காட்டித்தந்த முறையும் இதுதான். வியாழக்கிழமை போவது சிறப்பு என்றும், ஹம்ஸா (ரலி) அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார்.

லுஹருக்குள் திரும்புவதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? மஸ்ஜிதுந் நபவியில் தொழும் ஒரு தொழுகை, மஸ்ஜிதுல் ஹராம் தவிர்த்த மற்ற பள்ளிகளில் தொழும் ஆயிரம் தொழுகையை விடச் சிறந்தது. கடல் கடந்து வந்துவிட்டு அந்த ஜமாஅத்தை டிராஃபிக்கில் இழப்பது நஷ்டம்.

வெயில் இன்னொரு காரணம். கோடையில் மதீனாவில் 43, 44 டிகிரியெல்லாம் சாதாரணம். உஹதில் நிற்கும் இடம் பெரும்பாலும் திறந்த வெளி. பத்து மணிக்கு மேல் அங்கே நிற்கும் வயதானவர்களுக்கு துஆவில் மனம் நிற்காது, நிழல் எங்கே என்றுதான் கண் தேடும்.

வியாழன் கிடைக்காவிட்டால் எந்த நாளும் சரிதான். சனிக்கிழமையை மட்டும் குபா பள்ளிவாசலுக்கு ஒதுக்கப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் சனிக்கிழமைகளில் குபாவுக்குப் போவது வழக்கம்.

3. முந்தைய இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இது. ஆனால் ஜியாரத்தின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. அங்கே போனால் கண்ணுக்குத் தெரிவது வெறும் மண்தரை. குப்பா (குவிமாடம்) கிடையாது, பெயர் பொறித்த மீஸான் கல் கிடையாது. உள்ளே இருப்பவர்கள் யாரென்று தெரியாமல் போனால் ஒரு காலி மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்த மாதிரிதான் இருக்கும்.

உஹது போர் நடந்தது ஹிஜ்ரி 3, ஷவ்வால் மாதம். ஷஹீதானவர்கள் சுமார் 70 பேர், பெரும்பாலோர் அன்சாரிகள் (மதீனாவாசிகள்). அத்தனை பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஏழெட்டுப் பேரைத் தெரிந்துகொண்டாலே சலாம் சொல்லும்போது நாக்கு வேறு மாதிரி அசையும்.

ஹம்ஸா (ரலி): நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை, பால்குடிச் சகோதரரும்கூட. சகோதரி ஸஃபிய்யா (ரலி) கஃபனுக்காக (உடலைப் போர்த்தி அடக்க) இரண்டு துணிகளைக் கொண்டுவந்தார். பக்கத்தில் ஓர் அன்சாரி ஷஹீது கஃபன் இல்லாமல் கிடக்கவே, ஆளுக்கொன்றாகப் பங்கிட்டார்கள்.

முஸ்அப் இப்னு உமைர் (ரலி): மக்காவின் செல்வ வீட்டுப் பிள்ளை. கஃபனுக்கு இருந்தது ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடி, காலில் இத்கிர் புல்லைப் போட்டு அடக்கம் செய்தார்கள்.

அனஸ் இப்னு நள்ர் (ரலி): உடம்பில் எண்பதுக்கு மேல் காயங்கள். அவருடைய சகோதரி விரல் நுனியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

ஹன்ழலா (ரலி): புது மாப்பிள்ளை. குளிப்பு கடமையான நிலையிலேயே போர் அழைப்பு கேட்டு ஓடிவந்தவர். மலக்குகள் (வானவர்கள்) குளிப்பாட்டிய ஷஹீது என்று பெயர் பெற்றவர்.

அம்ர் இப்னுல் ஜமூஹ் (ரலி), அப்துல்லாஹ் இப்னு அம்ர் இப்னு ஹராம் (ரலி): முதலாமவர் கால் ஊனமானவர், போருக்கு வர வேண்டிய கட்டாயமே இல்லாதவர். இரண்டாமவர் ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை. இருவரும் ஒரே கப்ரில் வைக்கப்பட்டார்கள்.

ஸஅத் இப்னு ரபீஃ (ரலி): இவர் ஷஹீதான பிறகு சொத்து முழுவதையும் சகோதரர் எடுத்துக்கொண்டார். இரண்டு பெண் பிள்ளைகளோடு மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அதையொட்டித்தான் வாரிசுப் பங்கீட்டு வசனம் இறங்கியதாக வருகிறது. நம் வீடுகளில் பாகம் பிரிக்கும்போது ஓதிக் காட்டுகிறோமே, அதே வசனம்தான்.

அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் (ரலி): ஹம்ஸா (ரலி) அவர்களின் சகோதரி மகன். மாமாவின் கப்ரிலேயே இவரும் அடக்கம் செய்யப்பட்டதாக அறிவிப்பு உண்டு.

கூட வருபவர்களில் வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து சொல்லுங்கள். அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. நாலு குழுக்களின் ஆலிம்கள் நாலு மொழியில் ஒரே நேரத்தில் மைக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம்): தங்கும் அறையிலேயே செய்துகொண்டு கிளம்புங்கள். சலாம் சொல்ல ஒளு கட்டாயமில்லை. ஆனால் பள்ளிவாசலில் தொழவும், அடுத்து குபாவுக்குப் போகவும் தேவைப்படும். உஹது பள்ளிவாசலில் ஒளு செய்ய இடம் உண்டு, கூட்ட நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

பெயர்த் தாள்: ஊரிலிருந்து கிளம்பும்போது "எனக்காகவும் சலாம் சொல்லுங்க, துஆ செய்ங்க" என்று சொன்னவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் வைத்திருந்தால் வெயிலில் திரை தெரியாது. ஒரு குழுவில் வந்த பாட்டியம்மா சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த நோட்டுத் தாளை எடுத்தார். பேரன் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். கண்ணாடியைக் கூடப் போடாமல் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் போனைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலணி: ரப்பர் செருப்பு வேண்டாம். பிடிப்புள்ள ஷூ அல்லது பட்டை வைத்த செருப்பு. காரணம் 10-ஆம் படியில் வரும்.

தங்குமிடத்தின் அட்டை: அரபியில் முகவரி உள்ளதாக இருக்க வேண்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் டாக்சிக்காரரிடம் அதைக் காட்டினால் போதும்.

அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டில், குடை, கொஞ்சம் சில்லறை ரியால்.

5. போய்ச் சேர்வது

மஸ்ஜிதுந் நபவியிலிருந்து வடக்கே நாலைந்து கிலோமீட்டர்தான். காலை நேரத்தில் காரில் பத்துப் பதினைந்து நிமிடம். குழு பஸ்ஸில் போகலாம், ஊபர், கரீம் செயலிகளில் வண்டி பிடிக்கலாம். தெருவில் நிற்கும் டாக்சி என்றால் ஏறுவதற்கு முன் வாடகையைப் பேசிவிடுங்கள். போய்வர சேர்த்தா, காத்திருக்க எவ்வளவு என்பதையும் அப்போதே கேளுங்கள். இறங்கும்போது பேசினால் அவர் சொன்னதுதான் விலை.

குழு பஸ் என்றால் பயணப் பட்டியலைப் பாருங்கள். குபா, கிப்லதைன், கந்தக், உஹது என நாலையும் ஒரே காலையில் அடைக்கும் பயணங்களில் உஹது கடைசியில் வந்தால் வெயில் ஏறியிருக்கும், நேரம் சுருங்கியிருக்கும். பொறுப்பாளரிடம் முந்தைய நாளே சொல்லி உஹதை முதலில் வைக்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் மாற்றுவார்கள்.

6. இறங்கியதும் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இறங்கியவுடன் இரண்டு வேலை. டிரைவரிடம் கிளம்பும் நேரத்தைக் கேட்டு உறுதிப்படுத்துவது ஒன்று, தொலைந்தால் எங்கே கூடுவது என்று முடிவு செய்வது இன்னொன்று. பஸ் பக்கத்தில் என்று சொல்லாதீர்கள், பஸ் இடம் மாறும். பள்ளிவாசல் வாசல் என்று சொல்லுங்கள்.

இப்போது சுற்றிப் பாருங்கள். வடக்கே செம்பழுப்பு நிறத்தில் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பது உஹது மலை. அதற்குத் தெற்கே மலைக்கு எதிரே தனியாக நிற்கும் சின்னக் குன்று ஜபலுர் ருமாத், அதாவது அம்பெய்பவர்கள் நின்ற குன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட சமதரையில், சுற்றுச்சுவரும் கம்பித் தடுப்பும் போட்ட இடம்தான் ஷுஹதாக்களின் கப்ருஸ்தான். பக்கத்தில் பெரிதாகத் தெரியும் புதுப் பள்ளிவாசல் மஸ்ஜித் ஸய்யிதுஷ் ஷுஹதா.

புதிதாக வருபவர்கள் இங்கே செய்யும் தவறு, குன்றையே உஹது மலை என்று நினைத்துக்கொள்வது. ஏறி இறங்கி, "உஹது மலையில ஏறியாச்சு" என்று ஊருக்கு வீடியோ கால் போட்டவர்கள் உண்டு. மலை அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும்.

இன்னொரு வகையினர் நம் ஊர் தர்காக்களை மனதில் வைத்து பூ, ஊதுபத்தி, போர்வை எங்கே வாங்குவது என்று தேடுவார்கள். அதெல்லாம் இங்கே இல்லை. உள்ளே நுழையவும் விடமாட்டார்கள். தடுப்புக்கு வெளியே நின்றுதான் எல்லாம்.

7. சலாம்

கம்பித் தடுப்பின் முன்னால் கப்ருகளை நோக்கி நில்லுங்கள். ஆள் நெரிசல் இருந்தால் முன்வரிசைக்கு இடித்துக்கொண்டு போக வேண்டாம். நாலு அடி பின்னால் நின்று சொன்னாலும் சலாம் சலாம்தான். சக்கர நாற்காலியில் வருபவர்களை முன்னால் விடுங்கள். தரை சமமாக இருப்பதால் அவர்களுக்கும் சிரமம் இல்லை.

முதலில் பொதுவான சலாம். கப்ருஸ்தானுக்குப் போனால் சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்தது:

"அஸ்ஸலாமு அலைக்கும் அஹ்லத் தியாரி மினல் முஃமினீன வல் முஸ்லிமீன், வஇன்னா இன்ஷா அல்லாஹு பிகும் லலாஹிகூன், அஸ்அலுல்லாஹ லனா வலகுமுல் ஆஃபியா."

இந்த இல்லங்களில் வாழும் முஃமின்களே, முஸ்லிம்களே, உங்கள் மீது சலாம் உண்டாகட்டும். அல்லாஹ் நாடினால் நாங்களும் உங்களோடு வந்து சேர்பவர்களே. எங்களுக்கும் உங்களுக்கும் அல்லாஹ்விடம் நல்வாழ்வைக் கேட்கிறேன் என்பது பொருள். அரபி வரவில்லையென்றால் தமிழிலேயே சொல்லுங்கள். அரபி வரவில்லையே என்று வாயை மூடிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால்தான் கஷ்டமாக இருக்கும்.

அடுத்து ஹம்ஸா (ரலி) அவர்களுக்கு: "அஸ்ஸலாமு அலைக்க யா ஸய்யிதஷ் ஷுஹதா, அஸ்ஸலாமு அலைக்க யா அம்ம ரசூலில்லாஹ்." அதன்பின் முஸ்அப், அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷ், நேற்றிரவு தெரிந்துகொண்ட மற்றவர்கள் என ஒவ்வொரு பெயராகச் சொல்லுங்கள். முடிவில் உஹது ஷுஹதாக்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு சலாம். பெயர் தெரியாத எவரும் விடுபடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடைசி சலாம்.

எந்தக் கப்ரு யாருடையது என்று விரல் நீட்டி விவாதிக்க வேண்டாம். போர் முடிந்த அன்று ஒரே கப்ரில் இரண்டு மூன்று பேரை வைத்தார்கள், குர்ஆன் அதிகம் தெரிந்தவரை முன்னால் வைத்தார்கள். சிலரின் உடல்களைக் குடும்பத்தார் மதீனாவுக்கு எடுத்துப்போனபோது, விழுந்த இடத்திலேயே அடக்கும்படி திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். எழுபது தனித்தனி கப்ருகளைத் தேடினால் கிடைக்காது.

இதன்பின் உங்களிடம் சலாம் சொல்லியனுப்பியவர்களின் பெயர்கள். இது அமானத், நம்மை நம்பி ஒப்படைத்தது. சொந்த துஆவைத் தொடங்கிவிட்டால் இது மறந்துபோகும். அதனால்தான் இதை முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

8. ஓதுதலும் துஆவும்

பலர் இங்கே ரஅத் சூராவின் 24-ஆம் வசனத்தை ஓதுவார்கள்: "ஸலாமுன் அலைக்கும் பிமா ஸபர்தும் ஃபநிஃம உக்பத் தார்." நீங்கள் பொறுமை காத்ததற்காக உங்கள் மீது சலாம் என்று சொர்க்கத்தில் மலக்குகள் சொல்லும் வார்த்தை. ஆலு இம்ரான் சூராவின் 169-ஆம் வசனத்தையும் ஓதலாம். அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்பட்டவர்களை இறந்தவர்கள் என்று எண்ணாதீர்கள், அவர்கள் தம் இறைவனிடம் உயிரோடு இருக்கிறார்கள் என்ற வசனம். பொருளை நினைத்து மெதுவாக ஓதினால் அங்கே நிற்பதன் அர்த்தம் தானாகப் புரியும்.

யாஸீன், ஃபாத்திஹா, இக்லாஸ் ஓதி அதன் நன்மையைச் சேர்த்து வைப்பது நம் சுன்னத் ஜமாஅத் வழக்கம். சலாமோடும் துஆவோடும் நிறுத்திக்கொள்பவர்களும் நம் ஊர்களில் உண்டு. ஊரில் இதற்காக மேடை போட்டுப் பேசியது போதும், உஹதுக்கும் அந்தச் சண்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் எப்படி ஓதுகிறார் என்று பார்க்கப் போனால் உங்கள் அரை மணி நேரம்தான் கரையும். சலாமும், அவர்களுக்காக அல்லாஹ்விடம் கேட்பதும் எல்லோருக்கும் பொது.

சொந்தத் தேவைகளுக்கான துஆவுக்குக் கிப்லாவை (தொழும் திசை) நோக்கித் திரும்பிக்கொள்ளுங்கள். மதீனாவில் கிப்லா தெற்கு. மலையைப் பார்த்து நின்றால் கிப்லா உங்கள் முதுகுப் பக்கம். ஒரு திரும்பு திரும்பினால் சரியாக வந்துவிடும். இப்படித் திரும்புவதில் ஒரு பயனும் உண்டு. யாரிடம் கேட்கிறோம் என்பதில் நமக்கும் குழப்பம் வராது, காவலில் நிற்பவர்களும் நம்மிடம் வந்து பேச மாட்டார்கள்.

சத்தம் வேண்டாம். ஒருவர் மைக்கில் ஓத நாற்பது பேர் ஆமீன் முழங்கினால் பக்கத்தில் தனியாக நின்று அழுதுகொண்டிருப்பவரின் துஆ கெட்டுப்போகும். குழுவில் பொது துஆ என்றால் கொஞ்சம் ஒதுங்கி வட்டமாக நின்று, பக்கத்து ஆளுக்குக் கேட்கும் அளவில் செய்யுங்கள்.

கம்பியைத் தடவி முகத்தில் பூசுவது, சீட்டு எழுதி உள்ளே எறிவது, காசு வீசுவது எல்லாம் கூடாது. எறிந்த சீட்டை மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர்தான் பொறுக்குவார்.

ஷஹீதுகளுக்கு இங்கே நின்று ஜனாஸா தொழலாமா என்றும் கேட்கிறார்கள். போரில் வீழ்ந்த ஷஹீதைக் குளிப்பாட்டாமல், அணிந்த உடையோடு இரத்தம் படிந்தபடியே அடக்கம் செய்வதுதான் சட்டம். ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) ஜனாஸா தொழுகையும் இல்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நபி (ஸல்) அவர்கள் உஹது ஷுஹதாக்களுக்காகத் தொழுததாக ஹதீஸ் வருகிறது. அது துஆவைக் குறிக்கிறது என்று ஷாஃபி இமாம்கள் விளக்குகிறார்கள். எனவே நீங்கள் அணி வகுத்து நிற்க வேண்டியதில்லை, துஆ போதும்.

9. பெண்களுக்கு

பகீயின் உள்ளே பெண்களை அனுமதிப்பதில்லை. உஹதில் எல்லோருமே தடுப்புக்கு வெளியேதான் நிற்கிறோம், அதனால் பெண்களும் வந்து சலாம் சொல்கிறார்கள். பெண்கள் கப்ரு ஜியாரத் செய்வது ஹனஃபி மத்ஹபில் ஒழுங்கைப் பேணினால் கூடும். ஷாஃபியில் பொதுவாக மக்ரூஹ் (விரும்பத்தகாதது), நபி (ஸல்) அவர்களின் ஜியாரத்துக்கு விலக்கு உண்டு. பிற்கால ஷாஃபி அறிஞர்கள் பலர் இறைநேசர்களின் கப்ருகளுக்கும் அந்த விலக்கைக் கொடுத்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் நாளில் இருப்பவர்கள் அறையில் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். சலாம், ஸலவாத், துஆ எதற்கும் தடையில்லை. பள்ளிவாசலுக்குள் மட்டும் போகாமல், குர்ஆன் ஓதாமல் இருந்தால் போதும்.

10. பள்ளிவாசலும் குன்றும்

சலாம் முடிந்து நேரம் இருந்தால் மஸ்ஜித் ஸய்யிதுஷ் ஷுஹதாவில் இரண்டு ரக்அத் பள்ளிவாசல் காணிக்கைத் தொழுகை தொழலாம். உஹதுக்கென்று தனித் தொழுகை எதுவும் இல்லை. "உஹது நஃபில்" (உபரித் தொழுகை) என்று நிய்யத் சொல்லித் தருபவர்களை நம்ப வேண்டாம். சூரியன் உதித்து ஓர் ஈட்டி உயரம், ஏறத்தாழ இருபது நிமிடம், கடந்த பிறகு தொழுங்கள். அஸருக்குப் பிறகு போனால் ஹனஃபிகள் நஃபில் தொழ வேண்டாம். ஷாஃபியில் வழக்கமாகப் பள்ளிக்குள் நுழைந்தவருக்குக் காணிக்கைத் தொழுகை உண்டு. கப்ருஸ்தானை நோக்கித் தொழுவதும் அதன் தடுப்பருகே விரிப்பு போட்டுத் தொழுவதும் கூடாது.

இப்போது குன்று. ஏறுவது இபாதத் (வணக்கம்) இல்லை, போர்க்களத்தைப் புரிந்துகொள்ள ஒரு வழி, அவ்வளவுதான். அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் 50 பேரை இங்கே நிறுத்தி, எங்களைப் பறவைகள் கொத்திக்கொண்டு போவதைப் பார்த்தாலும் இடத்தை விட்டு நகராதீர்கள் என்று கட்டளையிட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். வெற்றி தெரிந்ததும் பெரும்பாலோர் கீழே பொருட்களை நோக்கி இறங்கிவிட்டார்கள். அப்போது எதிரணியில் இருந்த காலித் இப்னு வலீத் குதிரைப்படையோடு பின்பக்கமாக வந்தார். மேலே நின்று வடக்கே பார்த்தால் கப்ருஸ்தானும் அதன் பின்னால் மலையும் ஒரே பார்வையில் விழும். அந்தக் குன்று காலியானதும் கீழே இருந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. சலாமை விட்டுவிட்டு முதலில் குன்றுக்கு ஓடும் நம் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இறக்கம்தான் நினைவுக்கு வரும்.

ஏறும்போது கவனம். ஒழுங்கான படிகள் இல்லை, பாறைகள் ஆட்கள் நடந்து நடந்து வழுவழுப்பாகிவிட்டன. ஏறுவதை விட இறங்குவதில்தான் விழுகிறார்கள். முட்டி வலி உள்ளவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் கீழேயே நிற்கட்டும். கீழிருந்தே எல்லாம் தெரியும். விழுந்து கால் சுளுக்கினால் மீதி நாட்களின் ஜமாஅத் தொழுகைகள் போய்விடும்.

11. மலை, கடை, கல்

"உஹது நம்மை நேசிக்கும் மலை, நாமும் அதை நேசிக்கிறோம்" என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மலையை நின்று பார்த்து ஸலவாத் சொல்லுங்கள். ஒரு குகையைக் காட்டி, அங்கே போய்த் தொழுதால் இன்ன பலன் என்று சில டாக்சிக்காரர்கள் கூட்டிப்போவார்கள். அதற்கென்று எந்த இபாதத்தும் கிடையாது. பாதையும் வயதானவர்களுக்கு ஏற்றதில்லை.

கல்லோ மண்ணோ எடுத்து வராதீர்கள். மதீனாவின் ஹரம் (புனிதப் பகுதி) எல்லை அய்ர் மலைக்கும் தவ்ர் மலைக்கும் இடையில் உள்ளது. தவ்ர் என்பது உஹதுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மலை. ஆக நீங்கள் நிற்கும் இடம் முழுக்க ஹரம்தான். ஹரமின் மண்ணையும் கல்லையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். செடியைக் கிள்ளுவதும் புறாவைப் பிடிப்பதும் கூடாது. வீட்டு அலமாரியில் வைக்க ஒரு சின்னக் கல் மட்டும் என்று பையில் போட்டவரை, சட்டத்தைச் சொல்லித் திரும்பப் போட வைத்தோம். கொஞ்சம் முகம் சுளித்தார், பரவாயில்லை.

கடைகளில் அஜ்வா, தஸ்பீஹ், மருதாணி, பிரசவத்துக்கு என்று சொல்லி விற்கும் மர்யம் பூ எல்லாம் இருக்கும். பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். அவசரத்தில் வாங்கும் அஜ்வா எல்லாம் அஜ்வாவாக இருக்காது. சாவகாசமாக நகருக்குள் வாங்குங்கள். உஹதில் நேரத்தை மிச்சம் பிடியுங்கள்.

12. திரும்பும் வழி

உஹதிலிருந்து குபா போவதாக இருந்தால் ஒளு முறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சுத்தம் செய்துகொண்டு குபாவுக்கு வந்து தொழுதால் ஓர் உம்ராவின் நன்மை என்று ஹதீஸில் வருகிறது. தங்குமிடத்திலேயே ஒளு செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வழியில் முறிந்துவிட்டால் குபாவில் ஒளு செய்து தொழுங்கள், அல்லாஹ்வின் அருளுக்குக் குறைவில்லை. முடிந்தவர்கள் இன்னொரு நாள் அறையிலிருந்தே நேராக வரலாம்.

எந்த இடத்தில் நின்றாலும் லுஹருக்கு ஒரு மணி நேரம் முன்னதாக மஸ்ஜிதுந் நபவியை நோக்கித் திரும்பிவிடுங்கள். பாங்குக்குப் பக்கத்தில் வந்தால் உள்ளே இடம் கிடைக்காது, வெளி முற்றத்து வெயிலில்தான் தொழ வேண்டியிருக்கும். ஜமாஅத் தவறிவிட்டால், மதீனாவில் எத்தனை நாள் தங்குவதாக நிய்யத் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கஸ்ர் (பயணத்தில் சுருக்கித் தொழுவது) உண்டா இல்லையா என்று முடிவாகும். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நாலு முழு நாட்கள் தங்கும் நிய்யத் இருந்தால் ஷாஃபியில் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபியில் அந்தக் கணக்கு 15 நாள்.

பஸ்ஸில் நெரிசல், அவசரம், உடல்நிலை ஏதோ ஒன்றால் அன்று சலாம் சரியாகச் சொல்ல முடியாமல் போனவர்கள் அடுத்த குழுப் பயணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சுபுஹுக்குப் பிறகு ஒரு வண்டி பிடியுங்கள். அந்த நேரத்தில் கடைகள் பாதி திறந்திருக்காது, தடுப்பின் முன்னால் ஆள் குறைவாக இருப்பார்கள். ஏழாம் படியையும் எட்டாம் படியையும் மட்டும் நிதானமாக முடித்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு அறைக்கு வந்துவிடலாம்.